சிறு விமானத்தில் தலைக்கவசம்: பறவை மோதும்போது எது உதவும், எது உதவாது

செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானத்தின் முன்கண்ணாடி அக்ரிலிக்கால் ஆனது. காற்றையும் மழையையும் தடுப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. பறவையைத் தடுப்பதற்காக அன்று. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் விதிகளைப் படிப்பவருக்கு இது விளங்கிவிடும். பெரிய பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி, 4 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.8 கிலோ எடையுள்ள பறவை பயண வேகத்தில் மோதினாலும் துளைபடாமல் நிற்க வேண்டும். சிறு விமானங்களிலோ, 10 முதல் 19 பயணிகள் வரை ஏற்றும் வகைக்கு மட்டுமே, அதுவும் தரையிறங்க அணுகும் வேகத்தில் 2 பவுண்டுப் பறவையைத் தாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. அதற்குக் கீழ்ப்பட்ட விமானங்களுக்கு, தனி உரிமையாளர்களும் பயிற்சிப் பள்ளிகளும் அன்றாடம் பறக்கும் விமானங்களுக்கு, அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. கண்ணாடி உடைந்தால் அதற்கு அடுத்த தடுப்பு விமானி தன் தலையில் மாட்டிக்கொண்டிருக்கும் பொருள்தான்.

டெக்சாஸின் வளைகுடாக் கரையோரத்தில் செஸ்னா 172 ஓட்டும் எனக்கு இது ஏட்டளவிலான கவலை அன்று. ஆண்டு முழுவதும் வெப்பக் காற்றோட்டத்தில் வட்டமிடும் டர்க்கி வல்ச்சர் என்னும் பிணந்தின்னிக் கழுகுகளும், குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும் வெண்பனி வாத்துகளும், கரையோரத்துக் கூழைக்கடாக்களும் நாங்கள் பறக்கும் அதே உயரத்தில்தான் பறக்கின்றன. ஆகவே ராணுவ ஜெட் விமானி அணியும் வகை, ஹெலிகாப்டர் விமானி அணியும் வகை, அல்ட்ராலைட் என்னும் மிக இலகுவான சிறு விமானங்களின் விமானிகளுக்கான வகை, இவற்றோடு வழக்கமான ஹெட்செட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் சேர்ந்த எளிய ஏற்பாடு ஆகிய நான்கையும் அணிந்து பறந்து பார்த்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2 கிலோ எடையுள்ள கழுகு ஒன்று 100 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்தில் மோதினால், மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 2,600 ஜூல். நின்றுகொண்டிருக்கும் ஒருவர் சரிந்து விழுந்து தலை தரையில் மோதும்போது வெளிப்படுவது நூறு ஜூலுக்கும் குறைவு. தலைக்கவசங்கள் சோதிக்கப்படுவது பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான். எனவே முழுப் பறவையும் நேராக முகத்தில் வந்து மோதினால் காப்பாற்றும் என்று எந்தத் தலைக்கவசத்தையும் நம்பி வாங்கக் கூடாது. அப்படி ஒரு தொனியில் எழுதப்பட்ட விளம்பர வாசகங்களைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவது நல்லது.

அப்படியானால் தலைக்கவசம் எதற்கு? 2009 ஜனவரி 4 அன்று லூசியானா மாநிலத்தின் மார்கன் சிட்டி அருகே நிகழ்ந்த விபத்து இதற்கு விடை சொல்கிறது. கடலில் உள்ள எண்ணெய்த் தளத்துக்குப் பணியாளர்களை ஏற்றிச் சென்ற சிகோர்ஸ்கி எஸ்-76 ஹெலிகாப்டரின் முன்கண்ணாடிக்குச் சற்று மேலே, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள செவ்வால் பருந்து ஒன்று மோதியது. கண்ணாடி நொறுங்கியது, அந்த அதிர்ச்சியில் எஞ்சின்களுக்கான எரிபொருள் கட்டுப்பாட்டு நெம்புகோல்கள் இடம்பெயர்ந்து, இரண்டு எஞ்சின்களும் விசை இழந்தன. ஒன்பது பேரில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவில் எஞ்சின் விசை இழப்பை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அதைத் தொடர்ந்து விமானிகளுக்கு ஏற்பட்ட நிலைகுலைவால் அவர்களால் மீள முடியாமல் போனதையும் காரணமாகச் சேர்த்தது. பருந்து அவர்களைக் கொல்லவில்லை. அடுத்த சில வினாடிகளில் கருவிகளைப் பார்த்து என்ன நடந்தது என்று உணரும் வாய்ப்பைப் பறித்துக்கொண்டது. தலைக்கவசத்தில் நாம் விலை கொடுத்து வாங்குவது அந்த வினாடிகளைத்தான்: கண்ணாடிச் சில்லும் காற்றும் இரத்தமும் இறகும் கண்ணில் படாமல் இருக்க வேண்டும், ஹெட்செட் பறந்துபோகாமல் காதோடு இருக்க வேண்டும், ரேடியோவில் பேசும் குரல் கேட்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கடையில் எல்லோரும் தட்டிப் பார்க்கும் மேல் ஓடு இரண்டாமிடத்துக்குப் போகிறது. முகத்துக்கு முன்னால் இறங்கும் வைசர் முதலிடத்துக்கு வருகிறது. அமெரிக்க ராணுவ விமானிகளின் வைசர்களுக்கான விவரக்குறிப்பு, .22 காலிபர் உலோகத் துண்டை வினாடிக்கு 550 அடிக்குக் குறையாத வேகத்தில் சுட்டுப் பார்க்கச் சொல்கிறது. இத்தகைய தேர்வைத் தாங்கும், பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கால் ஆன வைசர், உடைந்த அக்ரிலிக் சில்லுகளை எதிர்கொள்ளும் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது. ஆனால் மேலே தூக்கிவிடப்பட்ட வைசரால் ஒரு பயனும் இல்லை. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் வைத்துக்கொண்டு பைக் ஓட்டுவதற்குச் சமம் அது. ஆகவே புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை இறக்கியே வைத்திருக்கத் தோன்றும் வைசர் எது என்பதே என் முதற்கேள்வி.

எச்ஜியு-55 என்னும் ராணுவ ஜெட் வகை தோற்றத்தில் மற்ற எல்லாவற்றையும் வென்றுவிடுகிறது. சுமார் ஒரு கிலோ எடைதான்; கழுத்து களைப்பதில்லை. ஆயினும் அது ஆக்சிஜன் முகமூடியோடு சேர்த்து அணிவதற்காக வடிவமைக்கப்பட்டது. முகமூடி இல்லாத நம் முகத்தில் வைசரின் கீழ்விளிம்புக்கும் வாய்க்கும் இடையே இடைவெளி பெரிதாக நிற்கிறது. மேலும் வழக்கமான அமைப்பில் அதற்கு ஒரே வைசர்தான். வெயிலுக்காகக் கறுப்பு வைசரை மாட்டியவர் மாலை மங்கியதும் அதைத் தூக்கிவிட்டுத்தான் பறக்க வேண்டியிருக்கும். வாத்துக் கூட்டங்கள் இரவிலும் வலசை பறப்பவை என்பதை நினைத்தால் இது சிறு குறை அன்று.

எஸ்பிஎச்-5 போன்ற ஹெலிகாப்டர் வகையே என் தேர்வு. அதன் நெற்றிப் பகுதியில் உள்ள உறைக்குள் நிறமற்றது ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக இரண்டு வைசர்கள் தனித்தனியே இறங்குகின்றன. நிறமற்றதை எந்நேரமும் இறக்கி வைத்துவிட்டு, சூரியனை நோக்கித் திரும்பும்போது மட்டும் கறுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் எடையை மன்னிக்கலாம் என்பது என் கருத்து. ஓடும் அதன் உட்புற நுரையும் தடிமனாக இருப்பதால், பறவை மோதலுக்குப் பிறகு அவசரமாக வயலில் இறங்க நேர்ந்தால் தலைக்குக் கிடைக்கும் காப்பும் அதிகம். ராணுவ ஹெலிகாப்டர் விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்க ராணுவ ஆய்வொன்று, தலைக்கவசம் அணியாதவர்களுக்கு உயிர்போகும் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு என்று கண்டது. மருந்து தெளிக்கும் விமானிகளிடையே இந்த வகை பரவியிருப்பதில் வியப்பில்லை. அவர்களுடைய வேலையே பயிர்களுக்குச் சில அடி உயரத்தில்தான்.

குறைகளும் இல்லாமல் இல்லை. செஸ்னா 172-இன் இருக்கையை வழக்கத்தைவிடத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. உயரமானவர்களுக்குத் தலை கூரையில் இடிக்கும். தலையைப் பக்கவாட்டில் திருப்பி இறக்கைக்கு அடியில் குனிந்து பார்க்கும்போது ஓடு சன்னல் சட்டத்தில் தட்டுகிறது. ஆகஸ்டு வெயிலில் ஓடுபாதையின் முனையில் காத்திருக்கும் நேரம் கடினமானது. வியர்வையின் ஆவி வைசரின் உட்புறத்தில் படிகிறது. பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் அதன் கால்கள் காதுக் குமிழின் மென்திண்டை விலக்குவதையும் அந்த வழியே இரைச்சல் நுழைவதையும் உணர்வார்கள். திரைகள் நிறைந்த கருவிப் பலகை உள்ள விமானத்தில் போலரைஸ்டு வைசரை, அதாவது ஒளிக்கூசலை வடிகட்டும் வகையை, தவிர்க்க வேண்டும். தலையைச் சாய்த்தால் திரை இருண்டுபோகும். முதல் முறையாக உடன் பறக்க வந்த உறவினர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு ஏன் ஒன்று தரவில்லை என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எவரும் முன்கூட்டிச் சொல்லாததால் வாங்குபவர்கள் அகப்பட்டுக்கொள்வது பிளக் விஷயத்தில்தான். ராணுவத்திலிருந்தும் ஹெலிகாப்டர் துறையிலிருந்தும் கழித்துவிடப்பட்ட தலைக்கவசங்களில் யு-174 என்னும் ஒற்றைப் பிளக் இருக்கும். நம் விமானங்களிலோ கேட்பதற்கு ஒன்றும் மைக்குக்கு ஒன்றுமாக இரண்டு துளைகள். மாற்றிணைப்பு வாங்கிச் செருகிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ராணுவ மைக் 5 ஓம் அளவிலான தாழ்ந்த மின்தடுப்பு உடையது; சிறு விமான ரேடியோக்களோ சிறு பெருக்கி உள்ளடங்கிய மைக்கை எதிர்பார்க்கின்றன. ஆகவே பிளக் பொருந்தினாலும் உங்கள் குரல் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு முணுமுணுப்பாகவே போய்ச் சேரும். இணையத்தில் பழைய தலைக்கவசம் விற்ற ஒரு கடை இதைத் தன் விவரிப்பில் குறிப்பிடவே இல்லை. மைக்கையும் ஒலிபெருக்கிகளையும் மாற்றுவதற்கான செலவைச் சேர்த்ததும் மலிவு என்பது மறைந்துவிட்டது. பொது விமானப் பயன்பாட்டுக்கான இணைப்புகளுடன் புதிதாக வாங்குவதே முடிவில் சிக்கனம். ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்றாலும், இன்றைய உயர்தர ஹெட்செட் ஒன்றின் விலையும் அதே வரிசையில்தான் இருக்கிறது.

அல்ட்ராலைட் வகையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இ.என். 966 என்னும் ஐரோப்பியத் தரநிலை, வான் விளையாட்டுகளுக்கான தலைக்கவசங்களுக்கு உரியது. அந்த முத்திரை உள்ளதை வாங்கினால் எடை குறைவு, விலையும் குறைவு. முன்கண்ணாடியே இல்லாத திறந்த அல்ட்ராலைட்டில் பறப்பவருக்கு, முழுமுக வைசருடன் கூடிய இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். மூடிய விமானியறையில் அதன் ஒலித்தடுப்பு எனக்குப் போதவில்லை.

நான்காவது ஏற்பாடு, வழக்கமான ஹெட்செட்டுடன், கண் பாதுகாப்புக்கான அமெரிக்கத் தரநிலையின் இசட்87+ குறியிட்ட பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி. அந்தக் குறியைப் பெற, கால் அங்குல எஃகுக் குண்டு வினாடிக்கு 150 அடி வேகத்தில் மோதுவதைக் கண்ணாடி தாங்க வேண்டும். ராணுவ வைசரின் தேர்வோடு ஒப்பிட்டால் இது மிதமானதுதான்; ஆனால் வெறுங்கண்ணோடு ஒப்பிட்டால் பெரிது. ஏறத்தாழ பத்து டாலரில் கிடைக்கும் இதை அணியாமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இதன் பலவீனம், முன்கண்ணாடி போன பின் உள்ளே பாயும் காற்றில் கண்ணாடியும் ஹெட்செட்டும் கழன்றுபோகக்கூடும் என்பதுதான். கண்ணாடிக்கு ஒரு நாடா கட்டினால் பாதிக் குறை நீங்கும். தாடைப் பட்டையால் தலையோடு பிணைந்திருக்கும் தலைக்கவசத்துக்கு அந்தக் கவலையே இல்லை.

எந்தத் தலைக்கவசமும் தொடாத ஆபத்து ஒன்று உண்டு. 2007 அக்டோபரில் மினசோட்டா மாநிலத்தில் பயிற்சிப் பறப்பில் இருந்த பைப்பர் செமினோல் விமானம் ஒன்று இரவில் கனடா வாத்தின் மீது மோதிச் சேதமடைந்து, கட்டுப்பாட்டை இழந்து விழுந்ததில் இருவரும் இறந்தனர். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒக்லஹோமா சிட்டியில் கூழைக்கடாக்களோடு மோதிய செஸ்னா சைட்டேஷன் ஜெட் விமானத்தில் ஐந்து பேர் இறந்தனர். இவற்றுக்குக் கடையில் விடை இல்லை. பறக்கும் முறையில்தான் ஓரளவு இருக்கிறது. பறவைகள் இருக்கும் தாழ்ந்த உயரத்தில் 120 நாட்டுக்குப் பதிலாக 90 நாட்டில் சென்றால் மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 44 சதவீதம் குறைகிறது. கூட்டம் எதிர்ப்பட்டால் மேலே ஏறுவதே எஃப்.ஏ.ஏ.யின் அறிவுரை, ஏனெனில் பறவைகள் பெரும்பாலும் கீழ்நோக்கியே விலகும்.

வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். 1978 ஜூலைக்கு முன் தயாரான விமானம் என்றால், முன் இருக்கைகளில் தோள்பட்டை வார் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லையெனில் பணத்தை அதில் போடவும். வார் இல்லாமல் கருவிப் பலகையில் மோதும் தலைக்கு விலையுயர்ந்த கவசம் போதாது. அடுத்தது பாதுகாப்புக் கண்ணாடி, உடன் பறப்பவருக்கும் சேர்த்து. மாதம் ஓரிரு முறை மட்டும் உயரத்தில் பறப்பவர் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கரையோரத்திலும் வயல்வெளிகளிலும் தாழப் பறப்பவரும், நாள்தோறும் ஓடுபாதையைச் சுற்றிவரும் பயிற்சியாளரும் இரட்டை வைசர் கொண்ட ஹெலிகாப்டர் வகையை வாங்கலாம். வாங்கும்போதே நிறமற்ற வைசர் ஒன்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா கலந்த சன்னல் துடைக்கும் திரவம் பட்டாலே பாலிகார்பனேட் கெட்டுப்போகும், கீறல் விழுந்த வைசரை யாரும் இறக்கி வைக்க விரும்புவதில்லை.