நியூக்ளியர் டென்சிட்டி கேஜ்: வேலைக்குக் கெட்டி, காவலுக்குத் தொல்லை

டெக்சாஸில் சாலைப் பணிகளில் மண் இறுக்கம் சோதிப்பதுதான் என் பிழைப்பு. அதற்கு இந்தக் கருவியை அடித்துக்கொள்ள ஆளில்லை. மணல் ஊற்றிச் சோதித்தால் ஓர் இடத்துக்கே அரை மணி ஓடிவிடும். இதில் தண்டை மண்ணுக்குள் இறக்கிப் பொத்தானை அழுத்தினால், ஒரே நிமிடத்தில் அடர்த்தியும் ஈரமும் திரையில். காத்திருக்கும் ரோலர் ஓட்டுநரின் முறைப்பிலிருந்தும் தப்பிக்கலாம்.

உள்ளே இருப்பவை கதிரியக்கப் பொருள்கள்: அடர்த்திக்கு சீசியம்-137, ஈரத்துக்கு அமெரிசியம்-பெரிலியம். தண்டு மேலேறிப் பூட்டியிருக்கும்வரை பயமில்லை. தலைவலி வேலை முடிந்த பிறகுதான். பெட்டியோடு 40 கிலோவுக்குப் பக்கம், அதைத் தினமும் யார் இறக்கி ஏற்றுவது? பிக்கப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். திருடன் கண்ணுக்கு அது ஏதோ விலையுயர்ந்த கருவி, அவ்வளவுதான். அதனால்தான், கண்காணிப்பில் இல்லாதபோது ஒன்றையொன்று சாராத இரண்டு தடைகள் வேண்டும் என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2005இல் விதியே போட்டது.

பெட்டியின் கைப்பிடியில் மட்டும் சங்கிலி கோப்பவர்களைப் பார்க்கிறேன். கைப்பிடியைக் கழற்றினால் கதை முடிந்தது! மூடிக்கு மேலாகவும் ஒரு சங்கிலியைச் சுற்றி, வேறு சாவியில் பூட்டுங்கள். சரி, மதிப்பெண்? கருவிக்கு ஐந்துக்கு ஐந்து. கூட வந்த பூட்டுக்கு இரண்டு.