தேயும், நெளியாது: டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 எம்.கே.2

எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்க ஆரம்பித்தால் முதலில் எனக்குத்தான் தெரியும். பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டியதுபோல் ஆகும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் ஆணாகவே மாறிவிடுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள், எனக்குப் பல் கூசும். பிறகு வந்த கேசட் டெக்குக்குப் பேட்டரி தேவைப்படவில்லை. ஆனால் அதன் ரப்பர் பெல்ட் தளர்ந்து அதே வேலையைச் செய்தது. அன்றிலிருந்து எந்தக் கருவியைக் கேட்டாலும் முதலில் பார்ப்பது சுருதி நிற்கிறதா என்றுதான். பாஸ், ட்ரெபிள் எல்லாம் அப்புறம்.

ஆறு வருடமாக இந்தக் காதுக்கு ஈடுகொடுத்துவருவது ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர்: டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 எம்.கே.2. முதல் எஸ்.எல்.-1200 வந்தது 1972இல், வீட்டில் உட்கார்ந்து கேட்பவர்களுக்காக. டிஜேக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1979இல் வந்த எம்.கே.2 கிட்டத்தட்ட அவர்கள் சொத்தாகவே ஆகிவிட்டது. அதனாலேயே 'அது டிஜே சாமான், வீட்டுக்கு ஆகாது' என்பவர்கள் உண்டு. நானும் பல வருடம் அப்படி நம்பியவன்தான்.

இதில் பெல்ட்டே கிடையாது. சுழலும் தட்டின் அடியில் காந்தம், அதற்கு நேர் கீழே சுருள்கள். அதாவது தட்டே மோட்டாரின் ஒரு பாகம். அது சுற்றும் வேகத்தைக் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்போடு சதா ஒப்பிட்டு, பிசகினால் உடனே திருத்திக்கொள்கிறது. பொத்தானை அழுத்தினால் 0.7 நொடியில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகம். தள்ளாட்டம் 0.025 சதவீதம் என்று கம்பெனிக் கணக்கு. எண் கிடக்கட்டும், நீளமாக ஒலித்து அடங்கும் ஒரு பியானோ சுரத்தை வைத்துக் கேளுங்கள். வேகம் துளி தள்ளாடினாலும் பியானோ காட்டிக்கொடுத்துவிடும். இந்த மெஷினில் சுரம் தேய்கிறதே தவிர நெளிவதில்லை.

தட்டின் விளிம்பில் நான்கு வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். ஓரத்தில் வேகமாக மினுக்கும் சிவப்பு விளக்கின் ஒளி அவற்றின் மேல் விழும்போது, வேகம் சரியாக இருந்தால் ஒரு வரிசை மட்டும் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்கு வீட்டில் வாங்கும் பேச்சு தனி.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க ±8 சதவீதம் வரை நகரும் ஒரு குமிழ் உண்டு. எனக்கு அது தேவையில்லை. நடுவில், பச்சை விளக்கு எரியும் இடத்தில் விட்டுவிட்டேன். ஒருமுறை தூசு துடைக்கும்போது கைபட்டு அது லேசாக நகர்ந்திருக்கிறது. அன்று பாட்டின் முதல் வரியிலேயே பிடித்துவிட்டேன். காது இன்னும் பழைய காதுதான்!

சரி, குறைகள். ஆடியோ கேபிள் உள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, மாற்றுவதென்றால் அடிப்பாகத்தைத் திறக்க வேண்டும். எர்த் வயரை ஆம்ப்ளிஃபயரில் மாட்ட மறந்தால் ஸ்பீக்கர் முனகும். ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்ட் பிளேயருக்கான ஃபோனோ இணைப்பு இல்லையென்றால், ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் தர தனியாக ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். 78 வேகம் கிடையாது. இசைத்தட்டு முடிந்தாலும், ஊசியைத் தாங்கும் கை தானாக எழாது. கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்து, நள்ளிரவில் 'டிக்... டிக்...' சத்தத்துக்கு விழித்த நாட்கள் பல. ஊசி தேய்கிறதே என்ற பதற்றத்தில் ஓடிப்போய்க் கையைத் தூக்கிவைப்பேன்.

2010இல் தயாரிப்பை நிறுத்தி, 2016இல் புது மாடல்களோடு திரும்பி வந்தார்கள். அவற்றை நான் வைத்துக் கேட்டதில்லை, ஆகவே பேச்சு பழையதைப் பற்றி மட்டும்.

பழையது வாங்குவதாக இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். எனக்கு விற்றவர் தட்டையும் கழற்றவில்லை, கையின் பின்னாலிருக்கும் எடையையும் கழற்றவில்லை. அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் சாமான் வழியெல்லாம் குலுங்கி வந்ததில் கையின் பேரிங் போய்விட்டது. ஊசி பள்ளத்தில் நிற்காமல் வழுக்கியது. கடைசியில் கையையே மாற்ற வேண்டியதாயிற்று. கையை மேலும் கீழும், பக்கவாட்டிலும் விரல்நுனியால் மெல்ல அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால், மெஷின் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.