கடலோரம் படம் எடுக்க: பாண்டி பீச் ரோடா, கடலூர் முதுநகரா?

விடுமுறை நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று ரொம்ப நாளாகப் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தேன். இரண்டு ஊருக்கும் நடுவே 25 கிலோமீட்டர் போல இருக்கும், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். இப்போது கடலூர் முதுநகர் துறைமுகம் என்று முடிவாகிவிட்டது. நான் அந்தப் பக்கம் சாய்ந்தவன் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

பாண்டி பீச் ரோட்டின் அழகைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலை 7.30 வரை வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் நடுரோட்டில் நின்றே எடுக்கலாம், இது பெரிய வசதி. காந்தி சிலை ஊரைப் பார்த்து நிற்கிறது. விடியும்போது வெயில் அவர் முதுகில்தான் விழும், அதனால் முகத்தை வெளிச்சமாக்க மல்லுக்கட்டாமல், சிலையையும் சுற்றி நிற்கும் செஞ்சிக் கல்தூண்களையும் நிழலுருவமாகவே எடுத்துவிடுங்கள். அப்படியே திரும்பினால் 1836-இல் வந்த பழைய கலங்கரை விளக்கம், கொஞ்சம் தள்ளி 2014-இல் இடிந்து அதே தோற்றத்தில் திரும்பக் கட்டிய மேரி கட்டடம் (பழைய நகராட்சி அலுவலகம்). எல்லாம் கடலைப் பார்த்தவை, சூரியன் எழுந்த முதல் அரை மணி நேரம் சுவரெல்லாம் மஞ்சள் குளித்து நிற்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் கடற்கரையிலிருந்து உள்ளே போகும் தெருக்களிலும் வெளிச்சம் நீளமாக ஓடும். கட்டடம், தெரு, கதவு, ஜன்னல் என்று எடுப்பவர்கள் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், பாண்டிக்கே போங்கள்.

எனக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீரோடு மனிதர்கள் வேண்டும். அங்கேதான் பிரச்சினை. பீச் ரோட்டில் தண்ணீர் கிழக்கே மட்டும்தான் இருக்கிறது. காலையில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும், வெயில் ஏறியதும் கடல் வெளுத்துப்போகும். சாயங்காலம் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குகிறது, கட்டடங்களின் முகம் தங்கள் நிழலிலேயே இருண்டுவிடும், கடலின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளிச்சம்தான் மிஞ்சும். சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து விளக்குகள் எரியும்போது மேற்கு வானம் நீலமாக இருக்கும், அப்போது கட்டடங்களுக்கு நல்ல படம் உண்டு. கடலுக்குக் கிடையாது. கிழக்குக் கரை ஊர்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கடலூரிலேயே தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சும் இப்படித்தான், மணல் மட்டும் அகலம்.

முதுநகர் துறைமுகம் வேறு மாதிரி. அது கடலை நேராகப் பார்த்து இல்லை, உள்ளே உப்பனாற்றின் கரையில் இருக்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நீண்ட நிலத்துண்டு, அதில் சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று மீனவர் ஊர்கள். அதாவது தண்ணீருக்கு இரண்டு கரை. ஊர்ப்பக்கம் நின்றால் கிழக்கே பார்க்கலாம், அக்கரையில் நின்றால் மேற்கே பார்க்கலாம், இந்த ஒரு விஷயம்தான் என் முடிவுக்குக் காரணம். விடியற்காலையில் ஊர்ப்பக்கம் நின்றால் வெளிச்சத்துக்கு எதிரே விசைப்படகுகள் கரிய உருவமாக நிற்கும். அதே நேரம் அக்கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் படகுகளின் முகத்தில் வெயில் நேராக அடித்து, அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், எழுதிய பெயர்கூடத் தெளிவாகத் தெரியும். சாயங்காலம் இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்: ஊர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் படகுகளின் மேல் மஞ்சள் வெயில், அக்கரையிலிருந்து பார்த்தால் பாய்மரம் இல்லாத வெறும் கம்பங்களுக்கும் கயிறுகளுக்கும் நடுவே சூரியன் இறங்கும், அதன் பிம்பம் ஆற்றில் நீளும். கடலைப் போல அலை இல்லாத தண்ணீர் என்பதால் காற்று அடங்கிய நேரத்தில் படகும் அதன் பிம்பமும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரே நாளில் நான்கு விதமான வெளிச்சம், நடக்கிற தூரத்தில். பாண்டியில் இதைப் பெற வேண்டுமானால் காலை பீச் ரோடு, மாலை தேங்காய்த்திட்டு துறைமுகம் அல்லது சுண்ணாம்பாறு என்று வண்டி எடுத்து அலைய வேண்டும். தேங்காய்த்திட்டில் நான் அதிகம் எடுத்ததில்லை, அங்கேயே கிடந்து எடுத்தவர்கள் வேறு சொல்லலாம்.

காலையில் படகு வந்து சேரும் நேரத்தில் ஏலம் நடக்கும் இடத்தில் தரை முழுக்க ஐஸ் கரைந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், கேமராவைத் தரையோடு தரையாக வைத்தால் கூடைகளும் கால்களும் வானமும் அந்தத் தண்ணீரில் தலைகீழாகக் கிடைக்கும். வானத்தில் வெளிச்சத்தை அளவெடுத்து ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்துக்கொள்ளுங்கள், போனில் எடுப்பவர்கள் வெளிச்சமான இடத்தைத் தொட்டுக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும். ஆனால் அது அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். "குறுக்க நிக்காம எடுத்துக்க தம்பி" என்பார்கள் பெரும்பாலும், வேண்டாம் என்று கையை ஆட்டினால் விட்டுவிட வேண்டும். பீச் ரோட்டில் எல்லாரும் படத்துக்கு நிற்பவர்கள், இங்கே யாரும் அதற்காக வந்தவர்கள் இல்லை. என் படங்களில் வித்தியாசம் வந்தது அதனால்தான்.

சரி, குறைகளும் உண்டு. உட்கார இடம், காபி, கழிப்பறை என்று பார்த்தால் பாண்டி பல மடங்கு மேல், குடும்பத்தோடு வருகிறவர்களை நான் முதுநகருக்குக் கூப்பிடமாட்டேன். மீன் வாடை உடையில் ஏறும். லென்ஸில் உப்பு படிவது இரண்டு ஊரிலும் உண்டு, பாண்டியில் பாறையில் அலை மோதும் இடத்தில் நின்றால் இன்னும் அதிகம், ஈரத்துணியால் முதலில் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் துடையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஏலக் கூட்டம் குறைந்துவிடும், ஆனால் விசைப்படகுகள் எல்லாம் ஆற்றில் நெருக்கியடித்து நிற்கும், வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும் நடக்கும். சாயங்காலப் படத்துக்கு அந்த இரண்டு மாதத்தைத்தான் முதலில் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே நிறைய எடுத்துப் பார்த்ததில்லை. மழை விட்ட மறுநாள் காலை காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது என்பது வரைக்கும் தெரியும், ஆனால் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.