கிறவல் சைக்கிளும் ஒரு றிம் துளையும்

மச்சான் ஒருவன் கேட்டிருக்கிறான்: கொழும்பில் யாரோ கிறவல் சைக்கிள் (கல், மண் பாதைக்கென்று செய்த அகல ரயர்ச் சைக்கிள்) ஒன்றை விலை குறைத்து விற்கிறார்களாம், யாழ்ப்பாணத்தில் ஓட எடுக்கலாமா என்று. என்னுடையது போன கிழமைதான் திருத்தி வந்தது. கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை, அதையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிறேக், முன்னால் ஒரே பல்லுச் சில்லு, 40 மில்லிமீற்றர் ரயர் என்ற விபரமெல்லாம் எங்கும் கிடைக்கும். நான் அதற்குள் போகவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது சுவிஸில் அத்தான் ஓடிய சைக்கிள். வெவேயில் அக்கா வீட்டில் நின்ற நாட்களில் லாவோ சரிவு முழுக்க நான் இதில்தான் திரிந்தேன். லோசானுக்குக் கிழக்கே ஜெனீவா ஏரியை ஒட்டிக் கிட்டத்தட்ட 30 கிலோமீற்றருக்கு முந்திரிகை, அதாவது திராட்சைத் தோட்டம். 2007 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 11ஆம் நூற்றாண்டளவில் மடத்துத் துறவிகள் தொடங்கிவைத்த வேலையாம்: சரிவை வெட்டி, கல் மதில் கட்டி, மண்ணை நிறுத்தி, கொடி நடுவது. ஏரி கடல்மட்டத்துக்கு 372 மீற்றர் மேலே. செப்ர் என்ற ஊர் அதிலிருந்தும் ஏறக்குறைய 200 மீற்றர் உயரத்தில். வல்லைப் பாலத்தில் ஏறுவதையே ஏற்றம் என்று நினைத்து வளர்ந்தவனுக்கு அது போதும்.

பெயர்தான் கிறவல் சைக்கிள், அங்கே தோட்டத்துப் பாதைகளில் பாதிக்கு மேல் கொங்கிறீற். ரக்டர் போக என்று போட்டவை. செங்குத்து, ஒடுக்கம், மழைத்தண்ணீர் ஓடக் குறுக்கே வாய்க்கால் வேறு. மெல்லிய ரயர்க்காரர் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் சீற்றை விட்டு எழும்புவார்கள். நான் காற்றைக் குறைத்துவிட்டு இருந்தபடியே போவேன். பின்னால் 42 பல்லில் போட்டால் நடக்கிற வேகம்தான், ஆனால் இறங்கி உருட்டத் தேவையில்லை. பழம் ஏற்றி இறக்கப் பற்சக்கரத் தண்டவாளம் ஒன்று மதில்களுக்கு மேலால் போகிறது. அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமை. அங்கே மூன்று சூரியன் என்பார்கள்: வானத்தில் ஒன்று, ஏரியில் தெறிப்பது ஒன்று, மதில் குடித்து வைத்திருப்பது ஒன்று. பின்னேரம் மதிலோடு ஒட்டி ஓடினால் மூன்றாவது சூரியன் முழங்காலில் படும்.

வைனைப் பற்றியும் கேட்பீர்கள். சஸ்லா என்ற வெள்ளைப் பழம்தான் அங்கே ராசா. ஒரு டெசிலீற்றர் கிளாசில் தருவார்கள். தவறணையில் போத்தலாக வாங்கிப் பழகிய ஆட்களுக்கு அது நாக்கு நனையும் அளவு. லேசான குடி, ஏற்றத்துக்குத் தோதானது. சுவிஸ்காரர் தங்கள் வைனில் பெரும்பகுதியைத் தாங்களே குடித்துவிடுகிறார்கள், இங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, ஊருக்கு வருவோம். அத்தான் புதுச் சைக்கிள் எடுத்ததால் இது பெட்டிக்குள் ஏறி யாழ்ப்பாணம் வந்தது. அந்த 42 பல்லு இங்கே எதற்கு என்று எல்லாரும் சிரித்தார்கள். சோளகம் அடிக்கும் மாதத்தில் வல்லை வெளியில் காற்றை எதிர்த்துப் போய்ப் பார்த்தால் தெரியும் எதற்கென்று. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் முந்திரிகைப் பந்தல்களுக்கு நடுவே போகும் செம்பாட்டு ஒழுங்கைகள், மணற்காட்டுப் பக்கத்துப் பொருமல் மண், எல்லாவற்றுக்கும் இந்த அகல ரயர் பொருந்துகிறது. ரியூப் இல்லாத ரயர் என்பதால் உள்ளே ஊற்றும் வெள்ளைப் பால் நெருஞ்சி முள் குத்திய இடத்தை உடனேயே அடைத்துவிடும். முள்ளை இழுத்தால் ஒரு சொட்டுப் பால், ஒரு சீறல், அவ்வளவுதான். ஊரில் வேறு எந்தச் சைக்கிளிலும் இந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அந்தப் பால் எங்கள் வெயிலுக்கு நிற்காது. காய்ந்து ரயருக்குள் தோலாக ஒட்டிக்கொள்கிறது. புதுப் பால் கொழும்பிலிருந்து வரவேண்டும், அல்லது யாராவது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அது வருவதற்குள் வேலணையில் முள் ஏறி முழுக் காற்றும் போய்விட்டது. கைப்பம்பால் எவ்வளவு அடித்தாலும் ரயர் றிம்மில் ஏறி உட்காராது, அதற்கு ஒரே மூச்சில் காற்று வேண்டும். வெயிலுக்குள் உருட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் 28 அங்குல ரியூப் ஒன்றை எடுத்தார், வால்வை றிம் துளையில் வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது உள்ளுக்குப் போகாது. துளை சின்னன்.”

ஊர் ரியூபின் வால்வு 8 மில்லிமீற்றர். இந்த றிம்மின் துளை 6.5. எங்கள் ஊரில் எந்த மூலையில் காற்றுப் போனாலும் ஒட்டுப்போட ஒருவர் இருப்பார், பம்பு தர இன்னொருவர் இருப்பார். இந்தச் சைக்கிளுக்கு மட்டும் அந்த உதவி ஏறாது. நியாயமாகப் பார்த்தால் செய்தவனில் பிழையில்லை, அவன் வேலணையை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் மத்தியான வெயிலில் சைக்கிள் உருட்டுகிறவனுக்கு நியாயம் எங்கிருந்து வரும்?

கடைசியில் வீட்டுப் பக்கத்துக் கடையில் இரண்டு றிம்மிலும் துளையைப் பெருப்பித்தாயிற்று. அலுமினிய றிம் என்றபடியால் துறப்பணம் போனது. விளிம்பை அரத்தால் தேய்த்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் ரியூப் போட்டார். இப்போது எங்கேயும் ஒட்டுப்போடலாம். ஆனால் ரியூப் போட்டபின் காற்றைக் குறைத்து ஓட முடியாது. சுண்ணாம்புக் கல்லில் அடித்தால் ரியூப் கடிபட்டுவிடும். இறுக்க அடித்து ஓடினால் கல் ஒழுங்கையில் கை உளைகிறது. லாவோவில் என்னை மயக்கிய அந்த மெத்தென்ற ஓட்டம் துளையோடு போய்விட்டது.

ஆகவே மச்சான், எடுக்காதே. நான் ஓடியதில் இதுதான் ஆகச் சிறந்த சைக்கிள், இருந்தாலும் எடுக்காதே. லாவோவுக்குப் போனால் அங்கேயே வாடகைக்கு எடு. அப்படியும் ஆசை விடவில்லை என்றால், விலை பேசப் போகும்போது ஊர் ரியூப் ஒன்றைக் கையில் கொண்டு போய் றிம் துளையில் விட்டுப் பார். போகாவிட்டால் துளை போடும் கூலியை விலையில் கழிக்கச் சொல். காபன் றிம் என்றால் பேச்சே வேண்டாம், அதில் துறப்பணம் வைக்கக்கூடாது. பின்னேர றெயிலைப் பிடித்துத் திரும்பி வா.