முழுப்பயறு ஊறவைப்பதும் வேகவைப்பதும்: பல வருடப் பழக்கத்தில் தேறியவை

டின்னில் வெந்து வரும் பயறு வாங்குவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சை, தட்டைப்பயறு என்று வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது ஏதோ ஒன்று இரவில் ஊறிக்கொண்டிருக்கும். இத்தனை காலம் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது, ஊறும் மணிக்கணக்கைப் பற்றி நாம் கொஞ்சம் அதிகமாகவே கவலைப்படுகிறோம். எட்டு மணி நேரமா பத்தா என்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. பயறு எவ்வளவு பழசு, அது ஊறுகிற தண்ணீரில் என்ன இருக்கிறது, இந்த இரண்டும்தான் வேலையைக் காட்டுகின்றன.

பழைய பயறை வைத்துக்கொண்டு படும் பாடு சொல்லி மாளாது. சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால், பயறின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டினில் கால்சியமும் மக்னீசியமும் போய்ச் சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஊறவைத்தால் ஒழுங்காக ஊதிப் பெருக்கவும் செய்யும். அடுப்பில் ஏற்றிய பிறகுதான், எவ்வளவு கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று நிற்பது தெரியும். இன்னொரு ரகம், தண்ணீரையே இழுக்காமல் காலையிலும் போட்டது போட்டபடி சின்னதாகவே கிடக்கும். அது தோல் தண்ணீரை விடாததால் வருவது. தண்ணீரை வடிக்கும்போதே அவற்றைப் பொறுக்கிப் போட்டுவிடுவேன், பல்லுக்கு நல்லது. அதனால் இப்போதெல்லாம் பெரிய மூட்டை வாங்குவதில்லை. பழைய மிச்சத்தின் மேல் புதியதைக் கொட்டுவதும் இல்லை. இரண்டையும் கலந்தால் பழசு வேகும் நேரத்தில் புதுசு கூழாகிவிடும்.

அடுத்து உப்பு. ஊறும்போது உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். என் அனுபவம் நேரெதிர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்து ஊறவைத்தால் தோல் மெத்தென்று ஆகிறது, வேகும்போது வெடிப்பதும் குறைகிறது. உப்பிலுள்ள சோடியம், தோலின் பெக்டினிலிருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது, பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. ருசியும் உள்ளே வரை போகிறது. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் நான் யாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

உப்பு நீர் என்றால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடினநீரில் இருப்பது பெரும்பாலும் அதே கால்சியமும் மக்னீசியமும்தான். அதில் வேகவைத்தால் அடுப்புதான் எரியும். அப்படிப்பட்ட தண்ணீர் வரும் வீட்டில் வடிகட்டிய மென்நீரை ஊறவைக்கவும் வேகவைக்கவும் பயன்படுத்திப் பாருங்கள், வித்தியாசம் முதல் தடவையே தெரியும்.

சமையல் சோடா வேலை செய்யும், சந்தேகமே இல்லை. காரத்தன்மை பெக்டினைச் சீக்கிரம் கரைத்துவிடும். ஆனால் ஒரு சிட்டிகை கூடினாலும் சோப்பு வாசம், குழகுழப்பு, போதாக்குறைக்கு தயாமின் என்கிற பி1 சத்தும் சேதமாகும். மிகப் பழைய பயறு கையில் மாட்டினால் மட்டும் தொடுவேன். புளிப்பு இதற்கு நேர்மாறு: தக்காளி, புளி, எலுமிச்சை எதுவானாலும் பயறு முழுதாக வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் தோல் இறுகி அப்படியே நின்றுவிடும்.

ராஜ்மாவுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரத நஞ்சு நிறைய உண்டு. சரியாக வேகாத சிவப்பு ராஜ்மா நான்கைந்து தின்றாலே சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். 100 டிகிரியில் 10 நிமிடத்தில் நஞ்சு அழிந்துவிடும் என்றாலும், 30 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். ஸ்லோ குக்கரில் ஊறிய ராஜ்மாவை நேராகப் போடுவது ஆபத்து. அந்த மிதமான சூட்டில் நஞ்சு குறையாததோடு, 80 டிகிரி அளவில் பச்சையாக இருப்பதைவிடக் கூடவும் செய்யலாம். பிரஷர் குக்கர் 120 டிகிரியை ஒட்டிப் போவதால் அதில் நன்றாக வெந்துவிட்டால் பயமில்லை.

வாயுத் தொல்லைக்குக் காரணம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகள். அவற்றை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லை. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் விருந்து கொண்டாடுகின்றன. ஊறிய தண்ணீரைக் கொட்டினால் ஒரு பகுதி போகும், முழுதும் போகாது. எங்கள் வீட்டில் அதைவிடப் பலன் தந்தது, கொஞ்சமாக ஆரம்பித்து அடிக்கடி சாப்பிட்டது.

குக்கரில் நான் விசில் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு வேகத்தில் விசில் விடும், நிமிடக் கணக்கு அப்படி ஏமாற்றாது. ஊறிய கொண்டைக்கடலைக்கு முழு அழுத்தம் வந்தபின் தீயைக் குறைத்து 15 நிமிடம் வைக்கிறேன், பழசென்றால் இன்னும் ஐந்து. ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கிச் சட்டென்று ஆவியை வெளியேற்றினால் பயறின் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்துத் தோலைப் பிளந்துவிடும். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை பொங்கி ஆவித் துளையை அடைக்கும். ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

பாசிப்பயறு, மசூர் மாதிரிச் சின்னப் பயறுகளுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஊறாமலேயே திறந்த பாத்திரத்தில் அரை மணி, முக்கால் மணிக்குள் வெந்துவிடும். உடைத்த பருப்பைக் கழுவிப் போட்டால் போதும்.

இரவில் ஊறவைக்க மறந்துபோனால் பயறைத் தண்ணீரோடு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். தோல் கொஞ்சம் அதிகம் வெடிக்கும், மற்றபடி சரியாக வந்துவிடும். வெயில் காலத்தில் ஊறும் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது, வெளியே வைத்தால் விடிவதற்குள் நுரைத்து வாடை வந்துவிடும். வெந்ததில் மிச்சத்தை அதன் தண்ணீரோடே சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் போட்டுவைக்கிறேன். தண்ணீர் மூடியிருந்தால் தோல் சுருங்குவதில்லை.