டெல்லி மூடுபனி: கணினி மாதிரியா, செயற்கைக்கோளா, ஓடுபாதைக் கருவியா?

சென்னையிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பும் விமானம் டெல்லி போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அந்த மூன்று மணி நேரம்தான் பெரிய சிக்கல். ஆறு மணிக்கு டெல்லியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி இருக்கலாம். ஒன்பது மணிக்கும் அப்படியே இருக்குமா? இதற்குப் பதில் தேட மூன்று வழிகள் உண்டு. எது சிறந்தது என்பது, முடிவை எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

துல்லியம் மட்டும் போதும் என்றால் ஓடுபாதைக் கருவியை எதுவும் மிஞ்சாது. ஓடுபாதையில் கண்ணுக்கு எட்டும் தூரத்தை, அதாவது ஆர்.வி.ஆர். எண்ணை, அது நொடிக்கு நொடி அளக்கிறது. பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகமான என்.ஏ.எல். உருவாக்கிய ‘திருஷ்டி’ இந்த வகைதான். ரேடியோ அலைகள் வழிகாட்டும் சாதாரண ஐ.எல்.எஸ். தரையிறக்கத்துக்கு 550 மீட்டர் வேண்டும். அடர்பனியிலும் இறங்க உதவும் கேட்-3பி வசதியும் அதற்குப் பயிற்சி பெற்ற விமானிகளும் இருந்தால் 50 மீட்டரே போதும். ஆனால் கருவி இந்த நிமிடத்தை மட்டுமே சொல்லும். சென்னையில் இன்னும் கதவு மூடாத விமானத்துக்கு அது உதவாது.

செயற்கைக்கோள் பரந்த படத்தைத் தருகிறது. மூடுபனித் துளிகள் 3.9 மைக்ரான் அலைநீளத்தில் குறைவாகவும் 10.8-இல் கூடுதலாகவும் வெப்பத்தை வெளியிடும். அந்த வித்தியாசத்தை வைத்து, பஞ்சாபிலிருந்து பீகார் வரை விரிந்து கிடக்கும் போர்வையை இன்சாட் படங்கள் இரவிலேயே காட்டிவிடும். ஜெய்ப்பூரும் லக்னோவும் மூடிக் கிடக்கின்றனவா என்பது இதில் தெரியும். விமானத்தைத் திருப்பிவிட இடம் தேடுபவருக்கு இது பெரிய விஷயம். குறைகளும் உண்டு. மேலே உயர்மேகம் வந்தால் கீழே உள்ளது மறைந்துவிடும். தரையைத் தொடாத தாழ்மேகமும் மூடுபனி போலவே தெரியும். சூரியன் எழும்போது 3.9-இல் வெயிலும் கலந்து படம் குழம்பிவிடும், அதுவும் சரியாக நமக்குத் தேவைப்படும் நேரத்தில்.

முந்தைய நாள் மாலையிலேயே பேசக்கூடியது, வானிலையைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்லும் கணினி மாதிரி ஒன்றுதான். புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2015-16 குளிர்காலத்தில் டெல்லி விமான நிலையத்திலேயே ‘வைஃபெக்ஸ்’ ஆய்வைத் தொடங்கியது. மண்ணின் வெப்பம், ஈரம், கதிர்வீச்சு, காற்றிலுள்ள நுண்துகள் என எல்லாவற்றையும் அங்கேயே அளந்து, மாதிரியை அந்தத் தரைக்குப் பழக்கினார்கள். மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழைமண்டலமான மேற்கத்திய இடையூறு மழை தந்து விலகியதும், தெளிந்த வானம், அசையாத காற்று, ஈரமான மண் மூன்றும் சேரும் இரவு எது என்பதை மாதிரி நன்றாகவே பிடிக்கிறது. சிறுசிறு மாற்றங்களுடன் பலமுறை ஓட்டிப் பார்த்து, அடர்பனிக்கு இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று சொல்வதைத்தான் நான் மதிக்கிறேன். “வருமா, வராதா?” என்று ஒரே பதில் கேட்பவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் கேட்-3 விமானிகளைப் பணியில் அமர்த்துவது, கூடுதல் எரிபொருள் நிரப்புவது, முன்கூட்டியே ரத்துசெய்து பயணியை வீட்டிலேயே இருக்கச் சொல்வது எல்லாமே அந்த விழுக்காட்டை வைத்து எடுக்கக்கூடிய முடிவுகள். குளிரில் குழந்தையோடு ஒரு குடும்பம் தரையில் உட்கார்ந்திருப்பதைவிட, தேவையில்லாமல் ஏற்றிய எரிபொருளின் செலவு எனக்குச் சிறியதாகவே படுகிறது.

மாதிரி தடுமாறுவது மீட்டர் கணக்கில். அரை டிகிரி வெப்பம் மாறினாலே 200 மீட்டர் 50 ஆகிவிடும். அதனால் மாலை முடிவுக்கு மாதிரி, நள்ளிரவுக்குப் பின் செயற்கைக்கோள், இறங்கும் தறுவாயில் கருவி. என் வரிசை இதுதான்.

பனி எப்போது விலகும் என்பதில் மட்டும் மூன்றுமே பின்தங்குகின்றன. அடுத்த இடையூறின் உயர்மேகம் காலை வெயிலை மறைத்துவிட்டால், ஒன்பது மணிக்கு விலகும் என்று நினைத்தது பதினொன்று வரை நீளும். ஆறு மணி விமானம் காத்திருப்பதும் அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான்.