அழவைத்த படமும் வாயை அடைத்த படமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் அத்தை வீட்டு முன்கூடத்தில் நெருக்கி உட்கார்ந்தால் பதினான்கு பேர் படம் பார்க்கலாம். பள்ளி விடுமுறைக்குச் சொந்தமெல்லாம் கூடியபோது எந்தப் படம் போடுவது என்று தகராறு வந்தது. மாமாவுக்கு ‘பரதேசி’, எனக்கு ‘ஜகாட்’. இரண்டுமே தோட்டத்து மக்களின் வயிற்றெரிச்சல்தான் என்பதால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஆளுக்கொரு சனிக்கிழமை என்று முடிவானது. இரண்டையும் ஏற்கெனவே பார்த்திருந்த நான் சுவரோரம் நாற்காலி போட்டுக்கொண்டு, திரையை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தேன்.

எந்தச் சோகப் படத்தையும் பெரியம்மா ‘பாசமலர்’ என்னும் தராசில்தான் நிறுப்பார். 1961இல் வந்த படம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டியபோது பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாராம். மறுநாள் விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெண்கள் வீங்கிய கண்களோடு நின்றதைப் பார்த்து, வேலை வாங்கும் தண்டலே சிரித்துவிட்டாராம். அழுது முடித்தால் மனம் காலியாகிவிடும், கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் மரம் சீவப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் ‘பரதேசி’ முழு மதிப்பெண் வாங்கியது.

2013இல் பாலா எடுத்த படம். தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை அடிப்படையாகக் கொண்டது; தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’. கதை நடப்பது தமிழ்நாட்டு மலையில். ஆனால் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஊருக்குள் வந்து தேனொழுகப் பேசத் தொடங்கியதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “என் தாத்தாவிடமும் இதைத்தான் சொன்னார்கள்” என்றார். மலாயாவில் 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பிறகு, ஆள் சேர்க்கும் வேலை பெரும்பாலும் கங்காணி கைக்குத்தான் போனது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதற்குத் தடை போடும்வரை அது ஓடியது. கப்பல் ஏறியதும் மலை ஏறியதும்தான் வித்தியாசம்.

ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும் காட்சி வந்தபோது பெரியம்மா படத்தை நிறுத்தச் சொன்னார். கூலியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் தொழிலாளிதான் கடன்காரன் என்று முடிக்கிறார்கள். “எங்கள் தோட்டத்துக் கடையிலும் பற்றுப் புத்தகம் இருந்தது. சம்பள நாளில் பணப்பெட்டிக்கு முன்னால் அதுதான் திறக்கும்” என்று சொல்லிவிட்டு, இனிப் போடு என்று கையசைத்தார்.

கடைசிக் காட்சியில் கூடமே அழுதது. தப்ப வழியில்லாமல் கிடக்கிறவனின் காதலியும் குழந்தையும் அதே தோட்டத்துக்குப் புதுக் கூலிகளாக வந்து சேருகிறார்கள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஐந்தாவது நிமிடம் வறுத்த நூடுல்ஸான மீ கோரெங் சட்டி வந்தது. எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஒரு ருசி உண்டு.

எனக்கு உறுத்தியது வேறு. பாலா அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடிக்கிறார். பார்ப்பவன் மூச்சுவிட்டு யோசிக்க இடமே வைப்பதில்லை. மருத்துவரும் அவர் மனைவியும் மதம் பரப்ப ஆடிப் பாடும் காட்சியில் படம் கேலிச் சித்திரமாகிவிடுகிறது. அடுத்த வீட்டுக் கிறிஸ்தவ அக்காவின் முகம் அங்கே சுண்டியது. அவர் அழுகை அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ‘ஜகாட்’. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளிவந்த மலேசியத் தமிழ்ப் படம். ‘ஜஹாட்’ என்ற மலாய்ச் சொல் நம்மவர் வாயில் ஜகாட் ஆகிவிட்டது. கெட்டவன், அடங்காதவன் என்று பொருள். 1990களின் தொடக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் அப்போய். அவனைப் படிக்கவைத்தே தீருவேன் என்று நிற்கும் அப்பா ஒரு பக்கம். குண்டர் கும்பலோடு திரியும் ஒருவர், போதையில் சீரழிந்த ஒருவர் என்று அப்பாவின் இரண்டு சகோதரர்கள் மறுபக்கம்.

முதல் அரைமணி நேரம் ஒரே சிரிப்பு. நாம் கடையிலும் வாசலிலும் பேசுகிற தமிழ் திரையிலிருந்து கேட்கும்போது யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். பிறகு அப்பா கையை ஓங்கினார். என் அத்தை பேரனுக்குப் பதின்மூன்று வயது. அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்து, பக்கத்தில் இருந்த தன் அப்பாவைப் பார்த்தான். அப்பா மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். திரையில் அந்தக் காட்சி முடிந்த பிறகும் அவர் கண்ணை இறக்கவில்லை. அத்தை தண்ணீர் கொதிக்கிறது என்று எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

படம் முடிந்ததும் யாரும் அழவில்லை, யாரும் சாப்பிடவும் இல்லை. சண்டைதான் வந்தது. “நம் பிள்ளைகளை ரவுடிகளாகக் காட்டினால் பெருமையா? துன் சம்பந்தன் நம் ஊர்த் தலைவர். தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்து 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார், தோட்டமே வாங்கினார். அதைப் படமாக எடுக்கக் கூடாதா?” என்றார் மாமா. எடுக்கலாம்தான். ஆனால் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அவர் மகள், “அப்பா, அப்போய் என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்” என்றாள். ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்தது, பிறகு பல தோட்டங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்து வீட்டோடு சேர்த்து வேலை, பள்ளி, கோயில் எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப்போனவர்களின் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று அவள் கேட்டாள். மாமா பதில் சொல்லவில்லை.

2016 மலேசியத் திரைப்பட விழாவின்போது, மலாய்மொழி அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியதற்கு நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்து, விதியைத் திருத்தி, கடைசியில் இந்தப் படம் சிறந்த மலேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. அதைச் சொன்னேன். விருதுக்கு மட்டும் மாமா தலையாட்டினார்.

பெரியம்மா அதுவரை பேசவே இல்லை. திடீரென்று, “தோட்டத்தை விட்டு வந்தவர்கள் மாட்டை என்ன செய்தார்கள்?” என்று கேட்டார். படத்தில் அப்படி எதுவும் இல்லை. அவர் கேட்டது தன் மாட்டைப் பற்றி. கன்றோடு வந்த விலைக்குத் தள்ளிவிட்டதை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார்.

‘ஜகாட்’ பழுதில்லாத படம் என்று சொல்ல மாட்டேன். நடுப்பகுதி இழுக்கிறது, சகோதரர்கள் இருவரின் கதைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. ஒளிப்பதிவிலும் கட்டுக்கோப்பிலும் ‘பரதேசி’ ஒரு படி மேல்தான். முதியவர்கள் மட்டும் கூடியிருக்கும் வீடென்றால் நானே அதைப் போடுவேன். பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஒரே கூடத்தில் இருந்தால் ‘ஜகாட்’. பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துவிட்டுப் பெரியவர்கள் வாசலில் கதை பேசப் போகக் கூடாது.

மூன்று வாரம் ஆகிறது. ‘பரதேசி’யைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ‘ஜகாட்’ கதையை மட்டும் மாமா தே தாரேக் கடையில் இரண்டு முறை தானாகவே எடுத்தார், இரண்டு முறையும் திட்டுவதற்காகத்தான். பொங்கலுக்கு எந்தப் படம் போடலாம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் குவளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பாசமலர் போடு” என்றார்.